மூன்று நாளைக்கு மழை இல்லை

"எங்க அந்த மெசேஜ் அனுப்புற ஆபீசர்?"

கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக மேசைக்கு வந்து கையிலிருந்த பையைக் கவிழ்த்தார். ஊறி உப்பிய மக்காச்சோள மணிகள் ஃபைல்களின் மேல் கொட்டின. ஈர நாற்றம் குப்பென்று அடித்தது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. விவசாயிகளின் செல்போனுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு வானிலைச் செய்தி அனுப்பும் ஆபீஸ் அது. அதிகாரி எழுதித் தருவார், அவள் நாலாயிரம் பேருக்குத் தட்டிவிடுவாள். மழை பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு. நல்லது நடந்தால் மட்டும் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

"ஐயா, இது ஆபீஸ். உங்க களம் இல்ல," என்றாள்.

"களம்தாம்மா போச்சு." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "படி. நேத்து நீ அனுப்பினதுதான்."

அவள் படிக்கத் தேவையில்லை. 'அடுத்த மூன்று நாட்களுக்கு மழை இல்லை. அறுவடை செய்த மக்காச்சோளத்தைக் காய வைக்கலாம்.' அனுப்பியது காலை பத்துக்கு. சாயங்காலம் நாலரைக்கே கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்துவிட்டது.

"அதுக்கு சார் என்ன பண்ணுவார்? வானத்துலயா உக்காந்திருக்கார்? போன மாசம் மழை வரும்னு போட்டோம், வரல. ஒரு நாள் வேலை கெட்டுதுன்னு கும்பலா வந்து கத்தினீங்க. அதுக்கு சாருக்கு மெமோ வந்துச்சு. அதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"நீ இரும்மா." அதிகாரி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. முதல்ல தண்ணி குடிங்க."

குரலில் துளிக்கூடக் கோபமில்லை. இந்தப் பொறுமைக்காகவே அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

உட்கார்ந்ததும் வந்தவரின் வேகம் பாதியாகிவிட்டது.

"என்னுது மட்டும்னா வந்திருக்க மாட்டேன் சார். எங்க தெருவுல எட்டு வீட்டுக்கும் ஒரே களம். ஒண்ணாப் பரப்புவோம், ஒண்ணா அள்ளுவோம். எப்பப் பரப்பறதுன்னு சொல்றது நான்தான். உங்க மெசேஜ் எனக்குத்தானே வருது, சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். எனக்குப் பேரே 'வானிலை'ன்னு ஆகிப்போச்சு."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எதிர்வீட்டு அக்கா நேத்து மத்தியானமே சொன்னா. மேற்கால கறுக்குது, மூடிடலாம்னு. நான் விடல. போன்லயே வந்திருக்கு, நீ என்ன பெரிய மேதாவியான்னு கேட்டேன். அத்தனை பேர் முன்னாடி கேட்டேன் சார். அவளுக்கு இந்த சோளத்தை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. காலையில பார்த்தா, அவ பாட்டுக்கு ஈரத்தை அள்ளிக்கிட்டிருக்கா. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல."

அந்தப் பெண் போய் ஃபேனைக் கூட்டிவைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நஷ்டஈடு கேக்க வரல சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மழை வரும்னு மத்தியானமாவது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கன்னா, உங்களை நம்பி நான் அவ வாயை அடைச்சது பெரிய பாவம். இனி அந்தத் தெருவுல எனக்கு முகம் கிடையாது. யாருக்குமே தெரியலைன்னா சரி, அது எங்க நேரம். அதைச் சொல்லிக்கிட்டாவது நடமாடுவேன்."

அதிகாரி அவர் தோளில் கை வைத்தார்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டோமா அண்ணே? இன்னொரு மெசேஜ் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? சத்தியமா யாருக்கும் தெரியல."

"இதை அக்காகிட்டயே சொல்றீங்களா?"

பதிலை எதிர்பார்க்காமல் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார். அதிகாரி ஒரு நொடி தயங்கிவிட்டுக் குனிந்தார்.

"அம்மா, நான் ஆபீசர் பேசறேன். அண்ணன் மேல தப்பே இல்லம்மா. இது திடீர் மழை. எங்களுக்கே தெரியாது."

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சரிங்க சார். அவரைக் கிளம்பி வரச் சொல்லுங்க. நேத்துலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல அந்த மனுஷன். எல்லாரும் சேர்ந்து கிளறினா கால்வாசியாவது தேறும்."

வந்தவர் உடைந்துபோய் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கொட்டியதை ஒரு மணி விடாமல் பொறுக்கிப் பையில் போட்டார்.

"கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க சார். நாளைக்கும் உங்க மெசேஜைத்தான் வாசிப்பேன்."

அதிகாரி வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். அந்தப் பெண் கலங்கிய கண்ணோடு மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்ப்பதே பெருமை என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபைல்களுக்கு நடுவே கிடந்த அதிகாரியின் போன் ஒளிர்ந்தது. துணி படாமல் இருக்க அதை எடுத்து நகர்த்தினாள். அவர் மனைவியிடமிருந்து மெசேஜ்.

'அப்பா பேசினார். நேத்து ரெண்டு மணிக்கே நீங்க மழை வருதுன்னு சொன்னதால எல்லாத்தையும் மூடிட்டாராம், நம்ம சோளம் ஒரு மணிகூட நனையல. நீங்க சொன்ன மாதிரியே அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் மூச்சு விடலையாம்.'