பத்துக்கு ஒரு வளைவு

காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டு வாசலுக்குப் பெயரும் எண்ணும் கல்லில் செதுக்கிக் கொடுப்பது என் தொழில். இவர் கொண்டுவந்ததோ பென்சிலில் கிறுக்கிய ஒன்பது கோடுகள்.

“என்ன சார் இது, வேலியா?”

“பழைய எகிப்து நம்பருங்க. ஒன்பது. என் பொண்ணு எழுதினது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவ ரூம் கதவுல ஒரு கோடு சேர்ப்பா.”

“சரியான வாலு போல! தொண்ணூறு வயசானா தொண்ணூறு கோடா?”

“இல்லீங்க. பத்து வந்துட்டா கோடெல்லாம் அழிச்சிட்டு ஒரே ஒரு வளைவு போடணுமாம்.”

“கதவுலதான் இருக்கே, கல்லு எதுக்கு?”

“அழியாம இருக்கணும்.”

காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் குதிரை லாடம் மாதிரி வளைவுகள். கோணல்மாணலாகத் தொடங்கி, போகப்போக அழகாகியிருந்தன.

“அடேயப்பா, இப்பவே பழகிட்டாளே! பத்து எப்ப?”

“வர்ற பன்னெண்டாம் தேதி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல ஆளு சார் நீங்க! ரெண்டே வாரத்துல கல்லு வீணாப்போயிடுமே. பேசாம வளைவையே வெட்டிடறேன். எனக்கும் வேலை மிச்சம், பாப்பாவுக்கும் சந்தோஷம்.”

அவர் காகிதத்தை மெதுவாக முன்பக்கம் திருப்பி வைத்தார்.

“ஒன்பதே வெட்டுங்க. கல்லறைக்குத்தான்.”

எட்டுக் கோடுகளை மதியத்துக்குள் வெட்டி முடித்தேன். ஒன்பதாவதை வெட்டத்தான் கை வரவில்லை.