கை வைக்கிற பாடம்

மனைவி வேதவல்லிக்குக் காரியம் முடிந்த மறுவாரம், தணிகாசலம் துணிப்பையோடு தையல் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். பைக்குள் அவள் பாதி தைத்து வைத்திருந்த கடுகு நிற ரவிக்கை. வெட்டிய கைகள் இரண்டும் தனியாகக் கிடந்தன.

“டீச்சர், அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப விட்டுப்போன பாடம் எது?”

“கை வைக்கிறது சார். அதோட ரவிக்கை முடிஞ்சிடும்,” என்றாள் மெகருன்னிசா டீச்சர். “குடுங்க, பத்து நிமிஷத்துல நானே தைச்சுத் தரேன்.”

“வேணாம். அந்தப் பாடத்த எனக்கு நடத்துங்க.”

பெண்கள் நகர்ந்து வேதவல்லியின் மிஷினை அவருக்கு விட்டார்கள். “அண்ணே, அடுத்த ரவிக்கை எனக்குத்தான்,” என்றாள் ஒருத்தி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை; கோபமும் வரவில்லை. கைத்துணியின் குழிவான பக்கம் முன்னால் வர வேண்டும் என்று டீச்சர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வகுப்பு முடியும்போது டீச்சர் ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். “கை மாறிடுச்சு சார். வலது கை இடதுல இருக்கு. பிரிச்சுட்டு அடுத்த வாரம் தைங்க.”

அடுத்த வாரமும் கை மாறியிருந்தது. அதற்கடுத்த வாரமும். தையல் மட்டும் நூல் பிடித்ததுபோல் நேராக வரத் தொடங்கியிருந்தது. டீச்சர் அதை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் தையல் பிரிக்கிற பிளேடை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தைத்து முடித்துவிட்டால் ரவிக்கையை வீட்டில் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஊசித் துளைகள் மலிந்த ஓரத்தை வகுப்பு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“துணி இன்னும் எத்தனை தடவை தாங்கும் டீச்சர்?”

“மெதுவாப் பிரிச்சா தாங்கும் சார்.”