வத்தலக்குண்டுக்கு ஒரு ஃபைல்

"தம்பி ரஃபீக், இன்னைக்காவது ஃபைல் அனுப்ப நீ எழுதின புரோகிராம் லைப்ரரி ஓடுமா, இல்ல போன வாரம் மாதிரி நொண்டுமா?"

மேனேஜர் சுப்புராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். திண்டுக்கல் காப்பித்தூள் கம்பெனியில் ஆபீஸ் கீழே, மேனேஜர் குடும்பம் மாடியில். எதிரில் முதலாளி ராயப்பராஜ் உட்கார்ந்திருந்தார்.

"ஓடும் சார். வத்தலக்குண்டு குடோன் கம்ப்யூட்டர்லயும் நேத்தே போட்டுட்டு வந்துட்டேன். இனிமே எந்தப் புரோகிராம் எழுதினாலும் இந்த லைப்ரரியைச் சேர்த்துக்கிட்டா போதும், ஃபைல் போன் வழியா தானா போயிரும்."

"ஓடுச்சுன்னா மெட்ராஸ் ஆபீஸ்ல உனக்குப் புரோகிராமர் வேலை," என்றார் முதலாளி. "ஓடலைன்னா பழையபடி ஃப்ளாப்பியைத் தூக்கிட்டு தினமும் பஸ்தான்."

ரஃபீக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படித்த படிப்புக்கு, பஸ் கம்பியில் தொங்குகிற பிழைப்பு போதும் போதும் என்றாகியிருந்தது. கீபோர்டில் தட்டினான். போன் வயரில் மாட்டியிருந்த மோடம் கீச்சிட்டது. திரையில் பாதி, முக்கால்...

"உலகம் எங்கயோ போய்க்கிட்டு இருக்குங்கய்யா! நாமளும் மாற வேண்டாமா?" என்று உருகிய சுப்புராஜ், மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "காளியம்மா! முதலாளிக்குக் காப்பி!"

பொசுக்கென்று லைன் அறுந்தது.

"செத்த நேரம் பொறுங்கய்யா. இன்னொரு தடவை," என்று ரஃபீக் கெஞ்சினான். வயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகி, மறுபடி அனுப்பினான். பாதி, முக்கால்...

"காளியம்மா! ஒரு காப்பிக்கு இம்புட்டு நேரமா?"

மறுபடியும் அறுந்தது.

முதலாளி எழுந்துவிட்டார். "போதும்ப்பா. ஃப்ளாப்பியை எடுத்துக்கிட்டு பஸ்ஸைப் பிடி." காப்பி கம்பெனி முதலாளி, காப்பி குடிக்காமலே காரில் ஏறினார்.

"என் மானத்தையே வாங்கிட்டியேப்பா!" என்று சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வழக்கமான காலி மஞ்சள் பையை எடுத்து நீட்டினார். "சரி, போறதுதான் போற, இதையும் கொண்டுபோ."

ரஃபீக் அழுகையை அடக்கிக்கொண்டு பையை வாங்கினான்.

மாடியில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆபீஸ் லைனிலிருந்து வீட்டுக்கு இழுத்திருந்த போன் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் காளியம்மாள்.

"காப்பின்னு நீங்க கத்துன ரெண்டு வாட்டியும் ரிசீவரைத் தூக்கிட்டேங்க. சரியா இருந்துச்சா?"

"கன கச்சிதம்!" சுப்புராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போன் கம்பியில ஃபைல் போகும். வத்தலக்குண்டுலருந்து பை நிறைய மலைக் கேரட்டும் பீன்சும் வருமாடி?"