அடுப்பு மூட்டாத காலை

ஊரே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

ஜீவானந்தமும்தான். காலேஜ் கம்ப்யூட்டருக்குள் கொல்லிமலையைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, பெட்டிக்குப் பெட்டி காற்றை ஓடவிட்டுக் கணக்குப் பார்த்தவன் அவன். மேட்டுக்கு அந்தப் பக்கம் வரப்போகும் கிழங்கு மில்லின் புகை இந்த ஊருக்கு வராது, பள்ளத்தாக்கோடு இறங்கிவிடும் என்று வண்ணப் படம் போட்டுச் சொன்னது கம்ப்யூட்டர்.

பேட்டரி செத்த அதே கம்ப்யூட்டர், இன்னும் 1980-ஆம் வருஷம்தான் நடக்கிறது என்றும் சொல்லும்.

அதனால்தான் இந்தச் சோதனை. மில் வரும் இடத்தில் காலையிலேயே பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்த, மேட்டு ஊர் செங்கோடனிடம் சொல்லியிருந்தான். இங்கே மதியம் வரை அடுப்பு மூட்டாதீர்கள் என்று வீடு வீடாகக் கும்பிட்டிருந்தான். ஊர்ப் புகை கலந்துவிடக் கூடாதே.

ஊர்க்கிழவி மாதம்மாளுக்கு மூச்சிளைப்பு நோய். மில் புகை வந்தால் மலையை விட்டு இறங்கி, முள்ளுக்குறிச்சியில் மகள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

வெயில் ஏறியது. வயிறு கத்தியதே தவிர வாசனை வரவில்லை. மேட்டுக்கு மேலே ஓர் இழைகூட எழவில்லை. அதையும் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது.

ஜீவானந்தத்துக்கு நெஞ்சு லேசானது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை.

அப்போது மேட்டுப் பாதையில் செங்கோடன் வந்தார். தலையில் துண்டு. பின்னால் பெண்கள், சாமைச் சோற்றுக் கூடைகளோடு. ஒருத்தி ஒப்பாரிக்குக் குரலைச் செருமிக்கொண்டிருந்தாள்.

"தவறுனது யாருங்க?" என்றார் செங்கோடன்.

ஊர் ஒருவர் தலையை ஒருவர் எண்ணிப் பார்த்தது.

"மேட்டுல ஏறிப் பாத்தா ஒரு கூரையிலயும் பொகையக் காணோம். எளவு விழுந்த ஊருக்கு எதுத்தாப்பல நின்னு வெளையாட்டுக்கு நெருப்பு வெப்பாங்களா? தழைய அப்படியே போட்டுட்டு வாரேனுங்க."

சாவு விழுந்தால் பங்காளி வீடுகளில்கூட அடுப்பு எரியாது என்பது ஜீவானந்தத்துக்கும் தெரியும். அடுப்பு விஷயத்தைச் செங்கோடனிடம் சொல்ல மட்டும் மறந்திருந்தான். இவ்வளவு நேரம் ஊரே முகர்ந்தது மூட்டாத நெருப்பை.

எழவுச் சோற்றை ஊர் சிரித்துச் சிரித்துத் தின்றது. அழ வந்தவர்களே பரிமாறினார்கள். அப்புறமும் அடுப்புக்கு வேலை இல்லை.

இந்தத் தடவை ஜீவானந்தமே போய்க் கொளுத்தினான். முதல் புகை அவன் முகத்தில் அடித்தது. பிறகு திரும்பி, படத்தில் போட்டது போலவே பள்ளத்தாக்கில் இறங்கியது. ஆனால் படம் அல்ல, மாதம்மாளின் மூக்கு சொல்ல வேண்டும். தழை எரிந்து அடங்கும்வரை நின்றுவிட்டு ஓடினான்.

வாசலில் நின்றிருந்த மாதம்மாள் மூக்கைச் சுளித்தாள்.

"வந்துருச்சே சாமி."

அவன் திரும்பி மேட்டைப் பார்த்தான்.

அவள் கிட்டே வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"அட, நீதானா கண்ணு. நீ வர்ற வரைக்கும் ஒண்ணுமே வரலை. மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டித் தூரப் போடு."