ஜன்னல் இருக்கை

புது விமான சேவை, மலிவு டிக்கெட். கேப்டவுனில் ஏறியதிலிருந்தே பெகானிக்கு எரிச்சல். இருக்கை சாயவில்லை, முன்வரிசைப் பெரியவரின் வாயும் ஓயவில்லை.

"ஜன்னல் பக்கம் உனக்குத்தான் சாண்டீலே. இப்ப மேல ஏறுறோம், பயப்படாதே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"பஸ்ல ஒன்றரை நாளாகுது, மலிவா பிளேன் விட்டா அடிக்கடி வரேன்னு சொன்னியே. விட்டுட்டாங்க பாரு. அம்மா வாசல்லயே நிப்பா."

"ஐயா, பையன்கிட்ட கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்," என்றார் பெகானி.

பெரியவர் திரும்பவே இல்லை. என்ன மனுஷன் என்று முனகிவிட்டுப் பெகானி பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"சீட்டு சாயலையா? முன்னால ஜன்னல் சீட்டு காலியாத்தான் இருக்கு சார், மாறிக்குங்க."

காலியா? பெகானி எழுந்து எட்டிப் பார்த்தார்.

ஜன்னல் இருக்கையில், பெல்ட்டுக்குள், ஒரு முள்மரக் கிளை இருந்தது.

அவர்கள் ஊர் வழக்கப்படி, வெளியூரில் செத்தவரின் உயிரை அந்தக் கிளையில்தான் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வழியெல்லாம் அதனோடு மட்டுமே பேச வேண்டும். பெகானியின் அண்ணனைச் சுரங்கத்திலிருந்து அப்பா அப்படித்தான் கூட்டி வந்தார்.

பெகானி தொப்பியைக் கழற்றினார்.

"காலி இல்லம்மா. பையன் உக்காந்திருக்கான்."