இரண்டாவதாக வந்த பதில்

இணையத்தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைச் சொல்லும் சர்வர் ஒன்று இருந்தது. தனக்குத் தெரியாததை வெளியே கேட்கும். முந்தி வரும் பதிலை, அது பொய்யாக இருந்தாலும், அப்படியே நம்பிவிடும். அதனால் வங்கிக்கு வழி கேட்டவர்கள் பலர் திருடன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

ஒருநாள் அதற்கு அப்டேட் போட்டார்கள். கண் விழித்ததும் துள்ளியது. "ஆகா! பதிலில் உண்மையான கையெழுத்து இருக்கான்னு எனக்கு இப்போ பார்க்கத் தெரியுமே! யாராவது வாங்களேன்!"

யாரோ வங்கிக்கு வழி கேட்க, சர்வர் வெளியே விசாரித்தது. இதுதான் வங்கி முகவரி என்று வழக்கம்போல் ஒரு பதில் முந்தி ஓடிவந்தது.

"கையெழுத்து எங்கே தம்பி?"

"நேத்துவரைக்கும் கேட்கலையே! நம்ம பழக்கமெல்லாம் அவ்வளவுதானா அண்ணே?"

"அவ்வளவுதான், கிளம்பு!"

சர்வர் காத்திருந்தது. மூச்சிரைக்க இன்னொரு பதில் வந்து கையெழுத்தைக் காட்டியது.

"அட, நிஜமான பதிலே! இத்தனை நாள் எங்கேப்பா போயிருந்தே?"

"தினமும் வந்தேன் அண்ணே. நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திடுவீங்க."