சமையலறைச் சத்தம்

"உன் அத்தை இருக்கிற வீட்ல ஒரு பாட்டைப் பதிவு பண்ண முடியுமா? நீயே சொல்லு திஹ்யா" என்றார் மெஸியான், கிதாரை மடியில் சாய்த்தபடி.

சமையலறையிலிருந்து உடனே பதில் வந்தது. "நான் மாவு பிசைய வேண்டாமா? பாட்டைத் தின்னா வயிறு நிறைஞ்சிடுமா?"

திஹ்யா ஹெட்போனைக் கழற்றினாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. மாமா பாடத் தொடங்கினால் போதும், சமையலறையில் அத்தை நுவாரா மாவைத் தொம் தொம்மென்று அறைய ஆரம்பித்துவிடுகிறாள்.

சனிக்கிழமை பிரான்சில், மார்செய் நகரத்தில் அவர்களுடைய ஒரே மகள் திஸிரிக்குக் கல்யாணம். பெற்றவர்கள் இருவருக்குமே விசா கிடைக்கவில்லை.

"நான் வரலேன்னா என்ன, என் பாட்டு வரும். முதல் ஆட்டம் அதுக்குத்தான் ஆடணும்" என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டார் மெஸியான். அல்ஜீரியாவின் பெஜாயா நகரில் வானொலி ஒலிப்பதிவாளராக இருக்கும் திஹ்யா, அதற்காகவே லீவு போட்டுவிட்டு மைக்குகளோடு வந்திருந்தாள்.

ஏற்பாடு எளிமையானதுதான். பாட்டுக்கும் கிதாருக்கும் ஒரு மைக். தாளத்துக்கு, கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி. அதை மாமா காலால் தட்டுவார். அதன் பக்கத்தில் இன்னொரு மைக். வீட்டின் இயல்பான ஒலிக்காக, சமையலறைக்குப் போகும் நடையில் மூன்றாவது. அந்த மூன்றாவதில்தான் அத்தையின் மாவு முழுசாக விழுந்தது.

பெற்ற மகளுக்கான பாட்டு. ஒரு கால்மணி நேரம் சும்மா இருக்க முடியாதா இந்த அம்மாவால்?

"அத்தே, மேல் வீட்ல போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்களேன்" என்றாள்.

"வேண்டாம் விடு, அவபாட்டுக்கு இருக்கட்டும்" என்று மெஸியான் இழுத்தார்.

நுவாரா கையைக் கழுவிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

வீடு அமைதியானது. மாமா பாடினார். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியில் பாட்டு, கயிறறுத்த ஆடு போல ஓடியது. மூன்றாவதில் சோர்ந்து நின்றது. நாலு தடவை முயன்றும் அதே கதி. இதற்கு ஆடினால் மாப்பிள்ளை பெண் காலை மிதித்துவிடுவான்.

"கை வலிக்குதும்மா" என்று கிதாரைக் கீழே வைத்தார்.

வேறு வழியில்லை. காலையில் பதிவானதையே எடுத்து, மாவுச் சத்தத்தை நீக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள் திஹ்யா.

அந்தத் தொம் ஒவ்வொன்றும் தாளத்தில் அச்சாக விழுந்திருந்தது. மாமாவின் கால்தான் மயிரிழை பிந்தி, அதன் பின்னாலேயே போயிருந்தது. குரல் எங்கெல்லாம் ஓடப் பார்த்ததோ, அங்கெல்லாம் தொம் ஓடாமல் நின்றது. இரண்டு தட்டுக்குள் குரலும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

அவள் மேலே போய் அத்தையைக் கூட்டி வந்தாள். மாமாவை இன்னொரு முறை பாடச் சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

நுவாராவின் கைகள் மாவுத் தட்டில் சும்மா கிடந்தன. மரக்கட்டைச் செருப்பு போட்ட வலது குதிகால்தான் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. உதடு பாட்டோடு அசைந்தது.

பாட்டு முடிந்தபின்தான் கண்ணைத் திறந்தாள். அகப்பட்டுக்கொண்ட முகம்.

"மாமாகிட்ட சொல்லிடாதே" என்று திஹ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கல்யாணத்துல அவர் பாடினப்ப, ஆடினவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. பாவம், அவருக்கு முகம் செத்துப்போச்சு. அன்னிக்குப் போட ஆரம்பிச்ச தாளம் இது."

"அதுக்காக இத்தனை வருஷமா திட்டு வாங்கறீங்களா?"

"எனக்கென்ன திட்டு? பழியெல்லாம் மாவுக்குத்தானே போகுது. அதுக்கு வாயா இருக்கு?"

அன்று மாலைவரை திஹ்யா உட்கார்ந்து பாட்டைக் கலந்தாள். நடை மைக்கில் இருந்த தொம்மை மேலே ஏற்றி, அதன் தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் கனமாக்கினாள். கிதாரைக் குரலுக்குக் கீழே படுக்க வைத்தாள். கடைசியாக, பழப்பெட்டி மைக்கை முழுவதுமாக அணைத்தாள். பாட்டு எழுந்து நின்றது.

மூவரும் சேர்ந்து கேட்டார்கள். இரண்டாவது அடி வருவதற்குள் நுவாராவின் தோள்கள் தாமாக ஆட ஆரம்பித்துவிட்டன.

"பாத்தியா, உன் மாவுச் சத்தத்தை எடுத்ததும் என் கால் எப்படி நிக்குதுன்னு" என்றார் மெஸியான்.

"ஆமா, உங்க கால் மாதிரி வருமா" என்று சிரித்துக்கொண்டே காப்பி எடுத்து வர உள்ளே போனாள் நுவாரா.

அவள் போனதும் மெஸியான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என் பெட்டிச் சத்தத்தைச் சுத்தமா எடுத்துட்டே, இல்ல?"

திஹ்யா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல காரியம் பண்ணினே. அவளாலதான் போக முடியலே. பொண்ணு தன் அம்மா கால் போட்ட தாளத்துக்காவது ஆடட்டும்" என்றவர், சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திடுவா. அதுக்குப் பயந்துதானே முப்பது வருஷமா மாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."